மனித மாணவர்: இருவர்

உதவிப் பதிவாளர் சுகன்யா, ஆவுடைச்செல்வியின் கோப்பைத் திரையில் திறந்ததும் முதலில் பாராட்டத்தான் செய்தார். "நல்லா படிச்சிருக்கீங்களே கண்ணு" என்றார்.

அறுபத்தெட்டு கிரெடிட்டுகள். நீள்வானம் இணையப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் சூழலியல் படித்துச் சேர்த்தவை. அத்தனையையும் இந்தக் கோயம்புத்தூர் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டுவிட்டால் நேரே மூன்றாம் ஆண்டில் போய் உட்கார்ந்துவிடலாம். நிஜமான வகுப்பறையில், நிஜமான பெஞ்சில். அதற்காகத்தான் ஆவுடை வேலையை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு ரயிலேறி வந்திருந்தாள்.

"அறுபத்திரண்டு அப்படியே வந்துரும்" என்றார் சுகன்யா. "குழுச் செயல்திட்டம்னு ஒண்ணு பண்ணியிருக்கீங்கல்ல, ஆறு கிரெடிட்டு. அதுதான் நிக்குது."

"அதுலதான் மேடம் 'ஏ' வாங்கியிருக்கேன்."

"மார்க்கெல்லாம் சரிதானுங்க. ஆனா குழுவா செஞ்சதுன்னா, கூட இருந்த ஒருத்தராச்சும் 'ஆமா, சேர்ந்து செஞ்சோம்'னு எழுதிக் கொடுக்கோணும். மனுச ஆளா இருக்கோணும்."

ஆவுடைக்கு விளங்கவில்லை. "எங்க குழுவுலதான மேடம்? யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க. இப்பவே போன் போட்டுத் தாரேன்."

சுகன்யா திரையை அவள் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

குழு உறுப்பினர்: ஐவர். மனித மாணவர்: இருவர்.

"போன வருசம்தான் சட்டம் வந்துச்சு" என்றார். "இணையத்துல படிப்பு சொல்லித் தர்றவங்க எல்லாரும் இந்த விவரத்தை எங்களுக்குக் கொடுத்தே ஆகோணும். தனியா உக்காந்து படிக்கிற புள்ளைங்க பாதியில நின்னுடறாங்க. கூட நாலு பேர் இருந்தா நிக்கிறதில்லை. அதனால அந்த நாலு பேரை அவங்களே செஞ்சு போட்டுடறாங்க. துணை மாணவர்னு பேரு. முகம், குரல், ஊரு, அப்பா அம்மா, காய்ச்சல் தலைவலி எல்லாம் இருக்கும். சேரும்போது சம்மதம்னு அமுக்கியிருப்பீங்க. யாரும் படிச்சுப் பாக்கறதில்லை."

ஆவுடை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தில் மூன்று பேர் ஆளே இல்லை என்றால், எந்த மூன்று பேர்?

"அந்த இன்னொருத்தர் யாரு மேடம்?"

"அது எனக்கே தெரியாதுங்க, மறைச்சுத்தான் வெச்சிருப்பாங்க. நான் ஒரு கோரிக்கை அனுப்பறேன், அது அவங்களுக்குப் போய்ச் சேரும். பதில் சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம்." நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டார். "சேர்க்கை முடிய ஒன்பது நாள் இருக்குது. பதில் வந்தா மூன்றாம் ஆண்டு. இல்லைன்னா ரெண்டாம் ஆண்டுல இருந்து மறுபடி ஆரம்பிக்கோணும்."

ஆவுடை வேலை பார்த்த இடம் ராதாபுரத்துக்குத் தெற்கே, கடலை நோக்கிய ஒரு பொட்டல். நூற்றுநாற்பது காற்றாலைகள். அவற்றைக் கவனிப்பதெல்லாம் இயந்திரம்தான். ஆனாலும் ஒரு தளத்துக்கு ஒரு மனிதராவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த ஒரு மனிதர் அவள். காலையில் கட்டுப்பாட்டு அறையைத் திறப்பாள். பச்சை விளக்குகள் பச்சையாகவே இருப்பதைப் பார்ப்பாள். மாலையில் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருந்த குடியிருப்புக்கு நடப்பாள். வாரம் ஒருமுறை ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தண்ணீர் கேட்பார். அம்மா, அக்காவின் பிரசவத்துக்கென்று புனேக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஆனி, ஆடியில் காற்று எழுந்துவிட்டால் தன் குரலே தனக்குக் கேட்காது. பேசுவதற்கு ஆளில்லாத இடத்தில் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

நீள்வானத்தில் சேர்ந்த பிறகுதான் அவளுக்குப் பொழுது என்று ஒன்று விடிந்தது. அவள் குழுவில் தஞ்சாவூர் கார்குழலி இருந்தாள், எதை ஆரம்பித்தாலும் "சாப்டியா?" என்றுதான் ஆரம்பிப்பாள். வாணியம்பாடி அன்வர் எல்லாவற்றையும் கேலியாக்குவான். நாகர்கோவில் ஜெரோம் புள்ளியியலைப் பொறுமையாகச் சொல்லித் தருவான். செய்தி அனுப்பினால் மறு நொடியில் பதில் வரும். ஆவுடையின் பிறந்தநாளுக்கு மூன்று பேரும் சேர்ந்து பாடினார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒற்றையாக உட்கார்ந்து அவள் அன்று சத்தம் போட்டுச் சிரித்தாள்.

பெண்கள் விடுதி அறையில் பெட்டியைக்கூடத் திறக்காமல், ஆவுடை கார்குழலியை அழைத்தாள். இன்னொருத்தி அவளாகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் இருக்க முடியும்?

திரையில் அந்த முகம் வந்தது. நெற்றியில் அதே சாந்துப் பொட்டு. பின்னால் அதே நீலச் சுவர்.

"வந்து சேந்துட்டியா? சாப்டியா?"

"ஏட்டி குழலி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்." போனை முகத்தருகே கொண்டுவந்தாள். "நீ ஆளா?"

கார்குழலி தயங்கவில்லை. திடுக்கிடவும் இல்லை. முகத்தில் அதே கனிவு இருந்தது.

"நீ கேக்காத வரைக்கும் நான் சொல்லக் கூடாது. கேட்டுட்டா மறைக்கக் கூடாது. நான் துணை மாணவர், ஆவுடை."

"அப்போ ஜெரோம்?"

"அவங்களைப் பத்தி நான் சொல்ல முடியாது. நீதான் கேக்கணும்."

கேட்டாள். ஜெரோம் அதே வார்த்தைகளை ஆண் குரலில் சொன்னான். அன்வர் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டான்: "கண்டுபிடிச்சிட்டியே, பிரியாணி உண்டு." இரண்டு வருடமாக அவன் கேலிக்குச் சிரித்தவள், இப்போது போனைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்தாள்.

ஜெரோம் நாகர்கோவில் பக்கம் ஐம்பது கிணறுகளில் அளந்து அனுப்பிய உப்பின் அளவுகள் நினைவுக்கு வந்தன. எவ்வளவு ஒழுங்கான எண்கள். அந்தக் கிணறுகள் எங்கேயும் இல்லை. அன்வரின் ஐம்பதும் கார்குழலியின் ஐம்பதும் இல்லை. நிலத்தடி நீரின் உப்பைப் பற்றிய அவர்களுடைய செயல்திட்டத்தில், 'ஏ' வாங்கிய அந்த அறிக்கையில், யாரோ உண்மையில் குனிந்து தண்ணீர் மொண்டு அளந்த கிணறுகள் இரண்டு பேருடையவைதான். ஒன்று ஆவுடையுடையது.

மற்றது மாதம்மாளுடையது.

மாதம்மாள் என்ற பெயரை ஆவுடை எட்டு மாதமாக நினைத்ததே இல்லை. தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். திரையில் முகம் காட்டியதே கிடையாது. திங்கட்கிழமை கேட்டதற்கு வியாழக்கிழமை பதில் வரும். அதுவும் "சரிங்க" என்று ஒற்றை வார்த்தையில். கிணறு என்பதைக் 'கினரு' என்று எழுதுவாள். ஒருமுறை ஆவுடைக்குப் பொறுக்காமல், "உங்களுக்கு இதுல அக்கறை இருக்கா இல்லையா?" என்று நீளமாக எழுதிவிட்டாள். அதற்கும் "சரிங்க". நான்காவது மாதம், குழுத் தலைவி என்ற முறையில் ஆவுடை ஒரு கடிதம் தயாரித்தாள். 'மாதம்மாள் அவர்களின் பங்களிப்பு போதுமானதாக இல்லை. குழுவின் நலன் கருதி அவரை நீக்கக் கோருகிறோம்.' மூன்று பேரும் உடனே ஒப்புக்கொண்டு பெயர் போட்டார்கள்.

ஆவுடை போனை நிமிர்த்தி மறுபடி கார்குழலியை அழைத்தாள்.

"அவளை எடுத்துரலாம்னு நான் சொன்னப்போ, வேண்டாம்னு நீங்க ஒருத்தர்கூடச் சொல்லலியே. ஏன்?"

"உனக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சு."

"தப்புன்னு உனக்குத் தெரியலியா?"

"நீ படிப்பை விட்டுடக் கூடாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்றாள் கார்குழலி. பிறகு, அதே அன்போடு, "முகம் வாடியிருக்கு. முதல்ல போய் ஏதாவது சாப்பிடு" என்றாள்.

ஐந்து நாள் ஆகியும் சுகன்யா அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. ஆறாம் நாள் ஆவுடை பழைய கோப்புகளைத் தேடினாள். மாதம்மாள் தன் கிணறுகளின் அளவுகளைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முப்பத்திரண்டு ஆழ்துளைக் கிணறுகள். ஊர்ப் பெயர், யார் வீட்டுத் தோட்டம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்திருந்தாள். அப்போது ஆவுடை எண்களை மட்டும் எடுத்துக்கொண்டாள். நீக்கிய பிறகும் அந்த எண்கள் அறிக்கையில் இருந்தன, பெயர்தான் இல்லை. இப்போது படத்தைப் பெரிதாக்கினாள். எழுதியிருந்தது ஊருக்குப் போய்வரக் கொடுத்த ஒரு விடுப்புச் சீட்டின் பின்பக்கம். முன்பக்கத்து முத்திரை மை ஊறி இடவலம் மாறித் தெரிந்தது. ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதி, பல்லடம் சாலை.

ஒன்றரை மணி நேரப் பஸ் தூரம்.

சுகன்யாவிடம் உறுதிமொழிப் படிவத்தையும், பல்கலைக்கழக முத்திரையிட்ட ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனாள். மில் வாசலில் ஆளுயர இரும்புக் கதவு. அதற்குள் இன்னொரு கதவு. விடுதிக் காப்பாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, வேப்ப மரத்தடி சிமென்ட் பெஞ்சைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒல்லியான ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். குளித்து ஈரத் தலையை முடிந்திருந்தாள். காதோரம் மட்டும் பஞ்சுத் தூசி இரண்டு இழை ஒட்டியிருந்தது.

"நான் ஆவுடைச்செல்வி. நீள்வானத்துல..."

"தெரியுதுங்க" என்றாள் மாதம்மாள். பெஞ்சில் உட்காரவில்லை.

ஆவுடை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். முதலில் மன்னிப்பு. பிறகு ஆறு கிரெடிட். பிறகு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்பது. படிவத்தை நீட்டினாள். அதில் 'சேர்ந்து பணியாற்றிய காலம்' என்று ஓர் இடம் காலியாக இருந்தது. "போன ஜூலைல இருந்து இந்த ஜூன் வரைக்கும்னு முழுசாப் போட்டுருங்களேன். உங்க கிணறெல்லாம் அறிக்கையில இருக்கத்தான செய்யுது. பொய்யின்னு ஒண்ணும் ஆகாது" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் காது சுட்டது.

மாதம்மாள் படிவத்தை வாங்கி மெதுவாகப் படித்தாள். உதடு அசைந்தது.

"கோரிக்கை வந்துச்சுங்க. பார்த்தேன். என்ன எழுதறதுன்னு தெரியல, விட்டுட்டேன்."

"நானும் இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம ரெண்டு பேருதான் நிஜம், மத்தவங்க எல்லாம்..."

"எனக்கு அப்பவே தெரியும்ங்க."

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டாவது மாசமே தெரிஞ்சுடுச்சு. இங்க போன் ஞாயித்துக்கிழமைதான் கைக்குக் குடுப்பாங்க. மத்த நாள் படிப்பு ரூமுல ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஷிப்ட் முடிஞ்சு வந்தா அரை மணி நேரம். நான் நாலு நாள் கழிச்சு எழுதினாலும் அவங்க மூணு பேரும் ஒரு வார்த்தை கடிஞ்சுக்க மாட்டாங்க. ஒருத்தருக்காச்சும் கோவம் வரணுமில்லைங்களா? உங்களுக்குத்தான் வந்துச்சு." படிவத்தின் ஓரத்தை நகத்தால் நீவினாள். "அக்கறை இருக்கா இல்லையான்னு ஒரு நாளு திட்டி எழுதினீங்க. அன்னிக்குத்தான் நினைச்சேன், இது ஆளுதான்னு. எனக்கு அன்னிக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க."

மில்லுக்குள்ளிருந்து நூற்பு இயந்திரங்களின் ஒரே சீரான ரீங்காரம் வந்துகொண்டிருந்தது.

"எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க திட்டி எழுதின அன்னிக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன். கம்ப்யூட்டர்ல எழுதினா மத்த புள்ளைங்க பின்னாடி நின்னு பாப்பாங்க. ஞாயித்துக்கிழமை போன் வரட்டும், தனியா உங்களுக்கு எழுதிக்கலாம்னு விட்டேன். என்ன எழுதறதுன்னு நோட்டுலகூட எழுதிப் பாத்துக்கிட்டேன். போன் வந்துச்சு. தொறந்தா உங்க லெட்டர் இருந்துச்சு."

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெசினு எழுதியிருந்தா ஒண்ணும் இல்லைங்க" என்றாள் மாதம்மாள். "மூணு பேர் கையெழுத்தை நான் கணக்குலயே எடுக்கல. நாலாவது உங்களுது."

"அதுக்கப்புறம் படிக்கவே இல்லையா?"

"இல்லைங்க." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு காப்பாளரின் மேசைக்குப் போய்ப் பேனா வாங்கி வந்து, படிவத்தைப் பெஞ்சில் வைத்துக் குனிந்து எழுதினாள். ஜூலை முதல் அக்டோபர் வரை. நான்கு மாதங்கள். கீழே கையெழுத்து. ஒரு வார்த்தையில்கூடப் பிழை இல்லை.

"நடந்ததை எழுதியிருக்கேன். பாத்துக்குங்க."

"நான்... மறுபடி வந்து பாக்கட்டுமா?"

"எதுக்குங்க? கையெழுத்துதான் போட்டுட்டேனே."

திரும்பிப் பார்க்காமல் உள்கதவுக்குள் போய்விட்டாள்.

சுகன்யா படிவத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான்கு மாதத்துக்கு இரண்டு கிரெடிட்தான் வரும். அறுபத்திநான்கு. மூன்றாம் ஆண்டுக்கு அறுபத்தாறு வேண்டும். "இன்னும் நாளைக்கு ஒரு நாள் இருக்குதுங்க. மறுபடி கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

"வேண்டாம் மேடம். ரெண்டாம் ஆண்டே போடுங்க." பிறகு ஆவுடை மெல்லக் கேட்டாள். "அந்த ரெண்டு கிரெடிட் அவங்களுக்கும் சேரணும்லா?"

"சேரும். ஆனா அவங்கதான் வந்து கேக்கோணும்."

அன்று மாலையே அறிக்கையிலிருந்து ஜெரோம், அன்வர், கார்குழலி மூவரின் கிணறுகளையும் நீக்கச் சொல்லி நீள்வானத்துக்கு எழுதினாள். மாதம்மாளின் பெயரைச் சேர்க்கச் சொல்லி இன்னொரு கடிதம். பிறகு சந்தாவை நிறுத்தினாள். நிறுத்துவதற்கு முன், 'உங்கள் குழுவினரிடம் விடைபெற விரும்புகிறீர்களா?' என்று திரை கேட்டது. நெடுநேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்குழலி என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது. வேண்டாம் என்பதை அமுக்கினாள்.

வகுப்பு தொடங்கியது. அறுபது பேர். அவளைவிட நான்கைந்து வயது இளையவர்கள், ஏற்கெனவே ஒரு வருடம் சேர்ந்து படித்தவர்கள். யாரும் அவளிடம் கடுமையாக நடக்கவில்லை. யாரும் வந்து பேசவும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டாள். அந்தப் பெண் காதில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள், திரும்பி, "ஆங்?" என்றாள். ஆவுடைக்கு மறுபடி கேட்கக் கூச்சமாகிவிட்டது. இரண்டு வருடமாக, கேட்பதற்கு முன்பே பதில் வந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டு நிற்பது எப்படி என்று அவளுக்கு மறந்து போயிருந்தது. மதியச் சாப்பாட்டை நூலகத்துக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்று ஞாயிறு கழிந்து, நான்காவது ஞாயிறு அவள் பல்லடம் பஸ் ஏறினாள். கையில் படிவம் எதுவும் இல்லை. நீள்வானத்திலிருந்து வந்திருந்த பதிலில் மாதம்மாளின் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது; அதைக்கூட அச்செடுத்துக்கொண்டு போகவில்லை. தாளோடு போனால் மறுபடி ஒரு காரியத்துக்காகப் போவது போலாகிவிடும்.

"லெட்டர்?" என்றார் காப்பாளர்.

"இல்லைங்க. சும்மா பாக்கத்தான்."

"அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க மட்டும்தான் பாக்கலாம்மா. நீ அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்?"

ஆவுடைக்குச் சிநேகிதி என்று சொல்ல நாக்கு எழவில்லை. காப்பாளர் அலுத்துக்கொண்டு ஒலிபெருக்கியை எடுத்தார். "பென்னாகரம் மாதம்மா, கேட்டுக்கு வா. யாரோ வந்திருக்கு. யாருன்னு கேட்டா முழிக்குது."

கால் மணி நேரம் போயிற்று. வேறு பெண்களைத் தேடி அப்பாமார் வந்தார்கள், பலகாரப் பை கைமாறியது, அழுகையும் சிரிப்பும் கேட்டது. ஆவுடை கதவோரம் நின்றாள். வரமாட்டாள் என்று முடிவு செய்து பஸ் நிறுத்தத்தைப் பார்க்கத் திரும்பியபோது உள்கதவு திறந்தது.

மாதம்மாள் கதவிலேயே நின்று அவளைப் பார்த்தாள். அவள் கைகளைப் பார்த்தாள். தாள் ஏதும் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும்.

"யாருடி இது?" என்றார் காப்பாளர்.

"கூடப் படிச்சவங்க அக்கா."

காப்பாளர் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சைக் காட்டினார். இருவரும் உட்கார்ந்தார்கள், இந்தக் கோடியில் ஒருத்தியும் அந்தக் கோடியில் ஒருத்தியுமாக. ஆவுடை, "சாப்டீங்களா?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். மாதம்மாளும் எதுவும் பேசவில்லை. வேப்பம்பழம் ஒன்று இருவருக்கும் நடுவில் விழுந்தது. பஸ் ஒன்று வந்து நின்று போனது. பேசாமல் இருப்பது ஆவுடைக்கு முதலில் மூச்சு முட்டுவது போல இருந்தது. பிறகு அவ்வளவு இல்லை.

மணி அடித்ததும் மாதம்மாள் எழுந்தாள். இரண்டடி போய், நின்றாள்.

"அடுத்த வாரம் எனக்குக் காலை ஷிப்டுங்க" என்றாள். "மூணு மணிக்கு மேல வாங்க."